வெடிமருந்தை அளந்த மேதை

பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் பெயர் நம் நாட்டில் பலருடைய செவியில் விழுந்திராத பெயர். மேனாட்டுச் சாஸ்திர உலகிலோ அது மிகவும் பிரசித்தமானது. துப்பாக்கிக் குழலினுள்ளே வெடிமருந்து எவ்வளவு வலிமையோடு உந்துகிறது, அவ்வுந்துதலால் குண்டு எவ்வளவு வேகம் பெறுகிறது, வெளியேறிய குண்டைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்னும் மூன்றையும் நம்பத்தக்க முறையில் முதன்முதல் அளந்து கணக்கிட்டவர் அவர். அவர் பிறந்தது இங்கிலாந்து தேசத்தில். உயிர் நீத்ததோ நமது தமிழ் நாட்டுக் கடற்கரையில், கடலூரையடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையில். கும்பினியாரின் ஊழியராக இங்கே வந்து, சற்றேறக்குறைய ஓராண்டில் மாண்ட அம்மனிதரின் சரித்திரத்தை நம்மவர் அறிந்துகொள்வது பல வகையிலும் பயனுடைத்து.

தருமபுரி ஜில்லாவின் மலையோரக் கிராமங்களில் வாழும் குடியானவர்க்கு இச்சரித்திரம் பின்னும் நெருங்கிய தொடர்புடையது. காட்டுப் பன்றி முதலிய விலங்குகளிடமிருந்து விளைச்சலைக் காத்துக்கொள்ள நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் வழக்கம் அம்மலைப்புறங்களில் நெடுங்காலமாக இருந்துவந்தது. குழலின் வாய் வழியாக மருந்தையும் ரவையையும் இட்டுக் கெட்டிக்கும் அத்துப்பாக்கி, சில வேளைகளில் விலங்கின்மேற் பாயாமல், சுடுகிறவன்மேலேயே வெடித்துவிடும். விரல் போகும், கண் போகும், உயிரும் போகும். அதை விதி என்று சொல்லி நம் ஜனங்கள் ஆறுதல் அடைவது வழக்கம். அது விதியன்று, கணக்கு என்பதைத் தெளிவாகக் காட்டிய நூல் 1742-ஆம் ஆண்டிலேயே அச்சாகிவிட்டது. அந்நூலின் ஆசிரியரே ராபின்ஸ்.

அவர் 1707-ஆம் ஆண்டு பாத் நகரத்தில் ஓர் ஏழைக் குடும்பத்திற் பிறந்தார். பெற்றோர் க்வேக்கர் சமயத்தினர். யுத்தம் பாவம் என்றும், ஆயுதம் ஏந்துதல் ஆகாது என்றும் போதிப்பது அச்சமயம். ஆயுதத்தையே தொடக்கூடாதென்ற குடியிற் பிறந்த பிள்ளை, ஆயுத சாஸ்திரத்துக்கே தந்தையாக விளங்கினது விந்தையே. சிறு பிராயத்திலேயே கணிதத்தில் அவருக்கிருந்த திறமையைக் கண்டவர்கள் அவரை லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே ஆசிரியத் தொழிலால் வயிறு வளர்த்துக்கொண்டே உயர்ந்த கணித நூல்களைத் தாமே கற்றுத் தேர்ந்தார். 1727-இல், இருபதாவது பிராயத்தில், ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். செல்வமும் குலப்பெருமையும் இல்லாத இளைஞர் ஒருவருக்கு அது கிட்டுதற்கரிய கௌரவம். நியூட்டனுடைய கணித முறையைப் பாதிரியார் பெர்க்லி தாக்கி எழுதியபோது, 1735-இல் அதற்குச் சமாதானம் கூறி எழுதியவர்களுள் ராபின்ஸும் ஒருவர்.

பள்ளிக்கூடத்து அறைக்குள் அடைந்து கிடக்கும் வாழ்க்கை அவருக்குச் சலிப்பைத் தந்தது. பாலம் கட்டுதல், துறைமுகம் அமைத்தல், சதுப்பு நிலத்தை வடித்தல், கோட்டை அரண் வகுத்தல் முதலிய தொழில்களில் மனத்தைச் செலுத்தினார். அரசியலிலும் அவர் வாளா இருந்தாரில்லை. அக்காலத்துப் பிரதம மந்திரி வால்போலின் ஆட்சியைக் கண்டித்து 1739-இல் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். வால்போல் 1742-இல் பதவியினின்று வீழ்ந்தபின், அவருடைய நடவடிக்கைகளை விசாரிக்கப் பார்லிமெண்டு நியமித்த இரகசியக் கமிட்டிக்கு ராபின்ஸ் காரியதரிசியாக இருந்தார். தேசத் தொண்டில் ஈடுபட்டு அதிகாரிகளின் பகையைத் தேடிக்கொண்ட நம் நேயர்கள், இப்படிப்பட்டவருக்கு என்ன பலன் கிடைத்திருக்கும் என்பதைத் தாமே ஊகித்துக்கொள்வர். 1741-இல் வுல்விச் நகரத்தில் புதிதாக ஏற்பட்ட இராணுவக் கலாசாலையில் அரண் சாஸ்திர ஆசிரியர் பதவியை அவர் நாடினார். பதவி வேறொருவருக்குப் போயிற்று. அரசியற் பகையே அதற்குக் காரணம் என்று சரித்திரக்காரர் பலர் கருதுவர். ஆயினும் அப்பதவிக்கென்று அவர் வகுத்து வைத்திருந்த பாடமே, மறு ஆண்டு, பீரங்கி வித்தையின் புதிய தத்துவங்கள் என்னும் நூலாக உலகுக்கு வெளிவந்தது. மறுக்கப்பட்ட பதவி அவரை மறைக்கவில்லை.

அந்நூலின் பெருமையை உணர, அதற்குமுன் இருந்த நிலையை அறிதல் வேண்டும். பீரங்கிகள் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் பல நூற்றாண்டுகளாக முழங்கிக்கொண்டுதான் இருந்தன. எனினும் குண்டு என்ன வேகத்திற் செல்கிறது என்று ஒருவரும் அறியார். கண்ணாற் காணவொண்ணாத வேகத்தை எவ்வாறு அளப்பது? காற்றின் தடையைப் பொருட்படுத்தாமல், எறிந்த பொருள் ஒரு சீரான வளைவிற் செல்லும் என்ற கலிலேயோவின் கணக்கையே பண்டிதர்கள் பீரங்கிக்கும் பொருத்திவந்தார்கள். பீரங்கிக்காரர்களோ குருட்டு அநுபவத்தையே துணையாகக் கொண்டிருந்தார்கள்.

ராபின்ஸ் கையாண்ட உபாயம் மிக எளியது. சுமார் 56 ராத்தல் எடையுள்ள ஓர் ஊசலைத் தொங்கவிட்டு, அதன் பலகையின்மேல் துப்பாக்கியாற் சுட்டார். குண்டின் எடை ஒரு ராத்தலில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பலகையிற் புதைந்த குண்டு தன் வேகத்தைக் கனத்த ஊசலோடு பகிர்ந்துகொள்ளும். ஊசல் குண்டைப்போல் அறுநூறு மடங்குக்கு மேல் எடையுள்ளது. ஆகவே மின்னல் வேகம் நிதான வேகமாக மாறிவிடும். ஊசல் எவ்வளவு தூரம் பின்வாங்கிற்று என்பதை, அதிற் கட்டிய ஒரு நாடா வெளியே இழுபட்ட நீளமே காட்டிவிடும். அந்நீளத்திலிருந்து ஊசலின் வேகத்தையும், அதிலிருந்து குண்டின் வேகத்தையும் கணக்கிட்டார். அகப்படாத வேகம் ஒரு முழ நாடாவில் அகப்பட்டது. மேனாட்டு இராணுவ சாஸ்திரத்தில் ஒரு புதிய சகாப்தத்தைத் தொடங்கி வைத்தது அந்த நாடாவே.

அடுத்தபடியாக, குழலுக்குள் நிகழ்வதை ஆராய்ந்தார். வெடிமருந்து எரியும்போது வாயு பிறக்கிறது. அவ்வாயு குளிர்ந்த நிலையில், மருந்து அடைத்திருந்த இடத்தைப்போல் 244 மடங்கு இடத்தை நிரப்பும் என்று கண்டார். அது வெப்பத்தால் இன்னும் எத்தனை மடங்கு விரியும் என்பதை அறிய ஒரு துப்பாக்கிக் குழலின் துண்டையே பழுக்கக் காய்ச்சிச் சோதித்தார். சற்றேறக்குறைய நான்கு மடங்கு என்று விடை கிடைத்தது. இரண்டையும் பெருக்கி, மருந்தின் அழுத்தம் நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் 1,000 மடங்கு என்று முடிவு செய்தார். சதுர அங்குலம் ஒன்றுக்கு ஆறு டன்னுக்கு மேற்பட்ட பாரம் அது. குண்டு குழலில் முன்னேற முன்னேற வாயுவுக்கு இடம் பெருகும். இடம் பெருகப் பெருக அழுத்தம் குறையும். அடி முதல் வாய் வரையில் அது செய்யும் வேலையைக் கூட்டினால் குண்டின் வேகம் வந்துவிட வேண்டும். 45 அங்குல நீளக் குழலுக்கு அவர் இவ்வாறு கணக்கிட்ட வேகம் வினாடிக்கு 1,668 அடி. ஊசல் காட்டிய வேகம் அதற்கு மிகவும் அண்மையில் இருந்தது. காகிதத்தில் எழுதிய கணக்கும் மரப்பலகையில் விழுந்த அடியும் ஒத்துப்போயின.

அவருடைய 1,000 என்னும் எண் பிற்காலத்தில் திருத்தப்பட்டது. அடைத்த பாத்திரத்தில் எரியும் மருந்தின் சூடு, பழுக்கக் காய்ந்த இரும்பின் சூட்டைவிட மிகப் பெரிது. 1870-களில் நோபிள், ஏபெல் என்னும் இருவர் உறுதியான எஃகுப் பாத்திரத்தில் மருந்தை நிரப்பி வெடித்து, 6,000 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தைக் கண்டார்கள். எண் மாறினாலும் ராபின்ஸ் காட்டிய வழி மாறவில்லை. அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து வேகத்தைக் கணித்து, கணித்ததைச் சோதனையால் சரிபார்ப்பதே அவ்வழி.

குழலுக்கு நேரும் அபாயத்தைப் பற்றியும் அவர் ஒரு சோதனை செய்தார். நாட்டுத் துப்பாக்கி பிடிக்கும் ஒவ்வொருவரும் இதை மனத்திற் பதித்துக்கொள்ளுதல் நன்று. நல்ல உறுதியான இராணுவத் துப்பாக்கி ஒன்றில் வழக்கமான மருந்தை இட்டார். குண்டை மருந்தின்மேற் படியும்படி கெட்டிக்காமல், அடியிலிருந்து 16 அங்குலம் தள்ளி நிற்கும்படி விட்டுச் சுட்டார். குண்டுக்குச் சற்றுப் பின்னேயுள்ள குழற்பாகம் ஊதிய தோற்பைபோல் இரு மடங்கு பருமனாகப் புடைத்து, இரும்புத் துண்டுகள் பெயர்ந்து பறந்தன. மருந்து அதிகமில்லை, இரும்பும் மட்டமில்லை. இடையே விட்ட வெற்றிடம் ஒன்றே குற்றம். வேகமாகப் பாய்ந்துவந்த வாயு, அசையாது நின்ற குண்டின்மேல் முட்டித் திரண்டு, அவ்விடத்துக் குழலைப் பிளந்துவிட்டது. குழலின் நடுவில் மண்ணோ துணியோ அடைத்துக் கொண்டிருந்தாலும், ரவை நெகிழ்ந்து முன்னே நகர்ந்திருந்தாலும் இதே கதிதான் நேரும். மருந்து அறையின் சுவர் தடித்தும், குழல் நுனியை நோக்கி மெலிந்தும் இருப்பதன் காரணமும் இதனால் விளங்கும். அழுத்தம் அடியில் மிகுதி, வாயிற் குறைவு. மெலிந்த இடத்தில் தடை நேர்ந்தால் இரும்பு தாங்காது.

இன்று இவ்வளவையும் சுடுகிறவன் கைக்கு ஆபத்தின்றி அளக்கும் கருவிகள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் குழலின் பக்கத்தில் துளையிட்டு, செம்புத் துண்டு ஒன்றை வாயு நசுக்கும்படி செய்து, அது நசுங்கிய அளவால் அழுத்தத்தை அறிந்தார்கள். பின்னர், அழுத்தினால் மின்சாரம் தோற்றுவிக்கும் பளிங்குக் கல் அவ்விடத்தைப் பெற்றது. 1938-இல் அமெரிக்காவில் மற்றொரு கருவி கண்டுபிடிக்கப்பட்டது. மயிரிழை போன்ற கம்பியைக் குழலின்மேல் ஒட்டிவிட்டால், சுடும்போது இரும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு விரிவதையும் அக்கம்பியின் மின்தடை மாறுதல் காட்டிக்கொடுக்கும். ரவைத் துப்பாக்கியின் வாய், ரவை சிதறாமல் செல்லும்பொருட்டுச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வரையிற் குறுக்கப்படுவதுண்டு. அக்குறுகலில் ரவை நெருங்கிப் பாயும்போது இரும்பு படும் பாட்டையும் இக்கம்பியால் அளக்கலாம். ஐரோப்பிய விதிகளின்படி, சாதாரணப் பன்னிரண்டு போர் தோட்டாவுக்குரிய உச்ச அழுத்தம் 740 பார், அதாவது காற்றழுத்தத்தைப்போல் சுமார் 730 மடங்கு. அதற்கு மேற்பட்ட அழுத்தத்தால் சோதித்து முத்திரையிட்ட பின்னரே துப்பாக்கி விற்பனைக்கு வரும்.

குண்டு வாயைக் கடந்தபின் காற்று செய்வதையும் ராபின்ஸ் கண்டறிந்தார். காற்றின் தடை இல்லையாயின் அவருடைய துப்பாக்கிக் குண்டு 17 மைல் தூரம் போக வேண்டும். உண்மையில் ஒரு மைலைக்கூட எட்டுவதில்லை. வேகம் மிகுந்த நிலையில் காற்றின் தடை குண்டின் எடையைப்போல் 120 மடங்கு என்று அவர் காட்டியபோது பண்டிதர்கள் திகைத்தார்கள். சுழலும் குண்டு நேர்வழியை விட்டு வளையும் என்றும், குழலினுள் திருகு வரை இட்டால் அச்சுழற்சியையே நன்மையாக மாற்றிக்கொள்ளலாம் என்றும் விளக்கினார். அத்தகைய துப்பாக்கியை முதலிற் கைக்கொள்ளும் தேசம் மற்றத் தேசங்களை எளிதில் மேற்கொள்ளும் என்று 1747-லேயே அவர் முன்னறிந்து கூறியது, அடுத்த நூற்றாண்டில் மெய்யாயிற்று. 1746-இல் ராயல் சொஸைட்டி தன் உயரிய கோப்ளி பதக்கத்தை அவருக்கு அளித்தது.

இங்கே ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. ஐரோப்பாவின் கணிதச் சிகாமணியாகிய ஆய்லரின் நூலொன்றை ராபின்ஸ் 1739-இல் கடுமையாகக் கண்டித்திருந்தார். ஆய்லர் அதை மனத்திற் கொள்ளவில்லை. தம்மைக் கண்டித்தவரின் நூலையே 1745-இல் ஜெர்மன் பாஷையில் மொழிபெயர்த்து, மூலத்தினும் பன்மடங்கு விரிவான உரையும் எழுதிப் பிரஷ்ய அரசர் பிரெடெரிக்குக்குப் பயன்படச் செய்தார். பின்னர் அது பிரெஞ்சிலும் வந்தது. பீரங்கிப் படையில் இளம் உத்தியோகஸ்தராக இருந்த நெப்போலியன் 1788-இல் அதைப் படித்துக் குறிப்பெழுதிக்கொண்டார். சொன்னவர் யார், எந்தத் தேசத்தார், நமக்கு நண்பரா பகைவரா என்று பாராமல், சொன்னது மெய்யா என்று மட்டும் பார்த்தவர்கள் அதன் பயனைக் கொண்டார்கள்.

இனி அவர் நம் நாட்டுக்கு வந்த விருத்தாந்தத்தைக் கூறுவோம். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினார்கள். அதே ஆண்டு அடையாற்றங்கரையில் அவர்களுடைய சிறு படை, ஆர்க்காட்டு நவாபின் பெருஞ்சேனையைச் சிதறடித்தது. 1748-ஆம் வருஷத்து உடன்படிக்கையின்படி சென்னை 1749-இல் கும்பினியாரிடம் திரும்பி வந்தது. இடிந்தும் வலுவிழந்தும் கிடந்த கோட்டைகளைப் புதிதாக வகுக்கத் தகுந்த ஒரு மேதை வேண்டுமென்று அவர்கள் தேடினார்கள். வுல்விச் இராணுவக் கலாசாலை வேண்டாமென்று ஒதுக்கிய ராபின்ஸையே பிரதம எஞ்சினீயராக நியமித்தார்கள். 1749 டிசம்பரிற் கப்பலேறி, 1750 ஜூலையில் தேவனாம்பட்டினத்துச் செயிண்ட் டேவிட் கோட்டையை அடைந்தார். அக்காலத்தில் கும்பினியின் தலைமை ஸ்தானம் அதுவே. வான சாஸ்திரக் கருவிகளையும் சோதனைக் கருவிகளையும் உடன் கொண்டுவந்தார். சென்னைக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் புதிய அரண்களுக்குத் திட்டம் வகுத்தார். எனினும் நம் சீதோஷ்ணம் அவருக்கு ஒவ்வவில்லை. வந்த சில வாரங்களிலேயே ஜுரம் கண்டது. ஒருவாறு தேறி எழுந்தும் பழைய பலம் திரும்பவில்லை. 1751 ஜூலை 29-ஆம் தேதி, கும்பினி டைரக்டர்களுக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருக்கையில், பிடித்த எழுதுகோலுடனேயே உயிர் நீத்தார். பிராயம் 44. அவருடைய நூல்களை நண்பர் ஜேம்ஸ் வில்சன் 1761-இல் தொகுத்து அச்சிட்டார்.

அவர் இறந்த இடத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தேவனாம்பட்டினக் கோட்டையைக் கும்பினியார் 1690-இல் செஞ்சி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஏற்பட்ட அளவு யாது? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம் வரையில் என்பதே. நம்மவர் அதற்கு இசைந்தார்கள். கும்பினியார் தங்களிடமிருந்த சிறந்த பீரங்கியைக் கொண்டுவந்து நாற்புறமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டுக் கிராமங்கள் என்ற பெயர் வழங்கிற்று. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயர் அதற்கு இன்றும் சாட்சி கூறுகிறது. குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று அறியாமல் நிலத்தை விற்ற தேசத்துக்கு, அறுபது ஆண்டு கழித்து, குண்டு ஏன் அவ்வளவு தூரம் போகிறது என்று அறிந்தவரையே அவர்கள் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர் இறந்த சிறிது காலத்திலேயே ஆர்க்காட்டுக் கோட்டை க்ளைவின் கையில் விழுந்தது. அதன்பின் நேர்ந்தவை நேயர்கள் அறிந்தவையே.

நம்மவர் வீரத்திலோ கைத்திறனிலோ குறைந்தவர்களல்லர். 1767 முதல் 1792 வரையில் நடந்த மூன்று மைசூர் யுத்தங்களிலும், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்கள் அடங்கிய பாரமகால் சீமை இரு தரப்புப் படைகளுக்கும் பாதையாக இருந்தது. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இரும்புக் குழலில் மருந்து கெட்டித்த ஆகாயவாணங்களைப் பிரயோகித்து இங்கிலீஷ் படையைக் கலங்க அடித்தார்கள். காகிதக் குழல் தாங்கமாட்டாத அழுத்தத்தை இரும்புக் குழல் தாங்கும். ஆகையால் அவ்வாணங்கள் ஐரோப்பிய வாணங்களைவிட வெகுதூரம் பாய்ந்தன. ராபின்ஸ் லண்டனில் 1749-இல் வாணங்கள் எழும் உயரத்தை அளந்தபோது இத்தகைய வாணத்தைக் கண்டவரல்லர். இந்த அற்புதத்தைச் செய்த கம்மியர்களின் பெயரோ, அவர்கள் கண்ட கணக்கோ நம்மிடையே அச்சேறி நிலைக்கவில்லை. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவ்வாணங்கள் வுல்விச்சுக்குப் போயின. அங்கே காங்க்ரீவ் என்பவர் அவற்றை ஆராய்ந்து, அளந்து, திருத்தி, தம் பெயரையே அவற்றுக்குச் சூட்டினார். செய்தவன் கை மறைந்தது, அளந்தவன் பெயர் நின்றது.

1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் நம் ஜனங்களின் கையிலிருந்து துப்பாக்கியைப் பறித்ததைத் தேசபக்தர்கள் கண்டித்தது நியாயமே. ஆனால் சட்டம் எதுவும் பறிக்காமலே நாம் கைவிட்ட பொருள் ஒன்றுண்டு. அதுதான் அளந்து பார்க்கும் புத்தி. அதை வேண்டாமென்று எந்தக் கவர்னர் உத்தரவிட்டார்? சுதந்தரம் வந்து, 1959-இல் பழைய சட்டம் நீங்கிப் புதிய சட்டம் ஏற்பட்டது. நாமே பீரங்கியும் வாணமும் வார்க்கும் நிலையை அடைந்தோம். எனினும் ஒரு குழல் வெடித்தால் விதியென்று கூறும் பழக்கம் நீங்கிய பாடில்லை. குழலில் மட்டுமா? இடிந்த பாலத்துக்கும், கவிழ்ந்த வண்டிக்கும், வற்றிய கிணற்றுக்கும் அதே விடையைக் கூறிக்கொண்டு இருக்கிறோம்.

ராபின்ஸ் நம்மை அடக்க வந்தவர்களின் சம்பளம் பெற்றவர். அதை மறைக்கவேண்டுவதில்லை, மறக்கவும் வேண்டுவதில்லை. ஆனால் தம்மைக் கண்டித்தவரின் நூலை ஆய்லர் மொழிபெயர்த்தாரன்றோ? அப்பெருந்தன்மையோடு நாமும் இவருடைய சரித்திரத்தைப் படிப்போமாக. ஒரு கட்டை, ஒரு கயிறு, ஒரு முழ நாடா இவற்றைக்கொண்டு அவர் செய்த சோதனையைத் தருமபுரியின் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் துப்பாக்கியின்றியே, எறிந்த களிமண் உருண்டையைக்கொண்டு செய்து பார்க்கலாம். ஆசிரியர்கள் அதற்கு வழி செய்வார்களாக. குண்டு விழுந்த தூரத்தை எல்லையாக ஒப்புக்கொண்ட காலம் போயிற்று. அந்தத் தூரத்தைத் தாமே கணக்கிடும் மக்கள் இந்நாட்டில் ஊர்தோறும் பெருகவேண்டும்.